சோதனைக் கருவியாக ஸ்டீம் டெக்: ஆட்டம் உருவாக்கும் இருவரின் மதிப்பீடு

ஸ்டீம் டெக் என்பது, ஸ்டீம் என்ற இணைய ஆட்டக்கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கணினி; லினக்ஸில் இயங்குவது. அதைப் பற்றி ஆட்டக்காரர்கள் எழுதியவை ஏராளம். அதன் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், எந்தப் பெரிய ஆட்டம் அதில் சீராக ஓடும் என்பவற்றை அறிய விரும்புவோர் அவற்றையே நாடலாம். நான் அதை வாங்கியது விளையாடுவதற்காக அன்று. லினக்ஸ் இயங்குதளத்தில் விளையாடுவோருக்கு யோசிக்காமல் கொடுத்துவிட்ட ஒரு வாக்கைக் காப்பாற்றுவதற்காக. ஆகவே, ஒரு சிறு ஆட்டத்தை உருவாக்கி விற்பவருக்கு அது சோதனைக் கருவியாக எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை மட்டுமே, ஒன்றரை ஆண்டு பயன்படுத்திய பின், இங்கே மதிப்பிடுகிறேன்.

எங்கள் நிறுவனம் என்பது சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள ஒரு வீவக அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையும், என் சித்தி மகனும், நானும்தான். இருவருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. தேக்காவில் மளிகைக் கடை நடத்திய ஒரு பாட்டியின் பழைய கணக்குப் புத்தகத்தில் அழிந்துபோன சொற்களை மீட்டெடுக்கும் சொற்புதிர் ஆட்டம் ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உருவாக்கினோம். அதற்கு நாங்கள் பயன்படுத்திய கோடோ என்ற ஆட்ட உருவாக்கப் பொறி, 2014 முதல் திறந்த மூல மென்பொருளாகக் கிடைப்பது. விண்டோஸ் கணினியில் இருந்தபடியே லினக்ஸுக்கான பில்டையும் (ஆட்டக்காரர் இறக்கி ஓட்டும் வடிவத்தையும்) சில நொடிகளில் எடுத்துத் தந்துவிடுவது. அவ்வளவு எளிதாகக் கிடைத்ததை ஏன் விடுவது என்று எண்ணி, ஸ்டீம் கடைப்பக்கத்தில் லினக்ஸ் என்ற கட்டத்திலும் குறியிட்டுவிட்டோம். அன்று எங்கள் இருவரிடமும் லினக்ஸ் கணினி ஒன்றுகூட இருக்கவில்லை. வெளியிட்ட நான்காம் நாளே முதல் கடிதம் வந்தது: வீட்டுக் கணினியில் விளையாடிச் சேமித்தது கையடக்கக் கருவியில் காணவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். "அண்ணே, டிக் போட்டது நீங்க, பதிலும் நீங்கதான் எழுதணும்" என்று சொல்லித் தம்பி ஒதுங்கிக்கொண்டான்.

முதலில் காசு செலவழிக்காமல் சமாளிக்கப் பார்த்தோம். விண்டோஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து அதில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவினோம். எங்கள் ஆட்டம் வல்கன் என்ற வரைகலை இடைமுகத்தின் வழியாகத் திரையில் வரைவது. அந்த மெய்நிகர் கணினியிலோ வல்கன் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. திரை கறுத்தே நின்றது. ஆட்டத்தில் கோளாறா, நாங்கள் சோதித்த விதத்தில் கோளாறா என்று பிரித்தறியவே இரண்டு வார இறுதிகள் போயின. உண்மையான வன்பொருள் வேண்டும் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தோம்.

பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவுவதே மலிவான வழி என்று யாரும் சொல்லலாம். அதையும் பின்னர் செய்தோம். ஆனால் லினக்ஸில் விளையாடுவோர் யார் என்று பார்த்தால், டெக்கை முதலில் வாங்கியதற்கான காரணம் விளங்கும். வால்வ் நிறுவனம் லினக்ஸுக்கான ஸ்டீமை 2013 பிப்ரவரியில் வெளியிட்டது. 2015-இல் வந்த ஸ்டீம் மெஷின் கணினிகள் எடுபடாமல் போனதற்கு, அவற்றில் ஓடக்கூடிய ஆட்டங்கள் குறைவாக இருந்ததே முக்கியக் காரணம். 2018 ஆகஸ்டில் புரோட்டான் வந்தது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993-இல் தொடங்கிய வைன் திட்டத்தின் மீது, விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்3டியின் அழைப்புகளை வல்கனுக்கு மொழிபெயர்க்கும் டிஎக்ஸ்விகே போன்ற கருவிகளையும் சேர்த்துக் கட்டியது அது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஆட்டங்களில் பெரும்பாலானவை அதன் பிறகு மாற்றமின்றியே லினக்ஸில் ஓடத் தொடங்கின. 2022 பிப்ரவரியில் அந்த அடித்தளத்தின்மேல் ஸ்டீம் டெக் வந்தபோது, லினக்ஸ் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒருவரும் ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில் விளையாடுபவராக ஆகிவிட்டார். ஸ்டீமின் மாதாந்தரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில்தான் 3 விழுக்காட்டைத் தாண்டியது, சிறு எண்தான். ஆனால் எங்களுக்கு வந்த லினக்ஸ் கடிதங்களில் பாதிக்கு மேல் டெக்கிலிருந்து வந்தவை. அவற்றை எழுதியவர்கள் முனையத்தைத் திறந்து கட்டளை தட்டச்சு செய்யும் வகையினர் அல்லர். எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது அரை மணி நேரம் விளையாட விரும்பும் சாதாரண மனிதர்கள்.

வாங்கிய அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய 2024-இன் நடுப்பகுதியில் இக்கருவியை வால்வ் சிங்கப்பூரில் நேரடியாக விற்கவில்லை. இறக்குமதி செய்து விற்கும் ஒரு கடையைச் சிம் லிம் சதுக்கத்தில் பிடித்தேன். அப்போது அமெரிக்காவில் 549 டாலருக்கு விற்ற 512 ஜிகாபைட் ஓஎல்இடி வகைக்கு ஏறக்குறைய 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். அனைத்துலக உத்தரவாதம் உண்டு என்று கடைக்காரர் வாயால் சொன்னது, ரசீதில் அந்தக் கடையின் மூன்று மாத உத்தரவாதமாகச் சுருங்கியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். இரண்டு முள் மின்னேற்றியை நம் மூன்று முள் துளையில் பொருத்த அவர் தந்த இணைப்பியும் தொளதொளவென்று ஆடியது. 45 வாட் தரக்கூடிய யூஎஸ்பி-சி மின்னேற்றி ஒன்றை வேறிடத்தில் வாங்கிக்கொண்டேன். இவ்வகைக் கடையில் வாங்குவோர் ரசீதைக் கடையில் நின்றே வாசித்துவிடுவது நல்லது. என் ஆத்திரம் அந்தக் கடைமீதுதான், கருவிமீது அன்று.

கருவியின் வன்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மையங்களுள்ள ஏஎம்டி சில்லு, 16 ஜிகாபைட் நினைவகம், 1280-க்கு 800 பிக்சல் திரை. எங்கள் சொற்புதிருக்கு இது தேவைக்கு மிஞ்சிய வலிமை. சோதனைக்குப் பயன்பட்டது வலிமையன்று, அதனோடு வரும் வசதிகள். உருவாக்குநர்களுக்காக வால்வ் தரும் டெவ்கிட் மென்பொருளை விண்டோஸ் கணினியில் நிறுவி, டெக்கில் உருவாக்குநர் முறையை இயக்கிவிட்டால், ஒரே வீட்டு வலைப்பின்னல் வழியாகப் புதிய பில்டை நேரே அனுப்பலாம். கடைக்கு ஏற்றி, இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திரையின் ஓரத்தில் ஃபிரேம் வேகத்தையும் மின்செலவையும் காட்டும் பட்டி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எங்கள் தலைப்புத் திரையில் அசையும் ஊதுவத்திப் புகை ஒன்று, யாரும் எதுவும் செய்யாமல் இருக்கும்போதே சில்லை 9 வாட் வரை இழுத்துக்கொண்டிருந்ததை அந்தப் பட்டிதான் காட்டிக்கொடுத்தது. மேசைக்கணினியில் அதை ஒருநாளும் கவனித்திருக்க மாட்டோம். அதைத் திருத்தியதால் விண்டோஸ் மடிக்கணினியில் விளையாடுவோரும் பயனடைந்தார்கள்.

இயங்குதளப் பகுதி படிக்க மட்டுமேயானது என்பது சிலருக்கு எரிச்சல் தரும். கணினி முறைக்கு மாறி நீங்கள் நிறுவும் கருவிகள், அந்தப் பூட்டைத் திறந்து நிறுவியவையாக இருந்தால், அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். என்னைக் கேட்டால் அது நன்மையே: என் கையில் இருப்பது ஆட்டக்காரரின் கையில் இருப்பதைப் போன்றே இருக்கிறது, நான் நிறுவிய ஏதோ ஒரு நிரலகத்தின் தயவில் ஆட்டம் ஓடிவிட்டது என்ற சந்தேகம் எழுவதில்லை.

இனி முதல் கடிதத்துக்கு வருகிறேன். அதை எழுதியவர் வீட்டில் விண்டோஸ் கணினியும் வெளியில் டெக்கும் பயன்படுத்துபவர். கோடோவில் உருவான ஆட்டம் விண்டோஸில் ஆப்டேட்டா கோப்புறையில் சேமிக்கிறது. லினக்ஸில், பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் லோக்கல் ஷேர் என்ற இடத்தில் சேமிக்கிறது. ஒரு கருவியில் சேமித்ததை மற்றக் கருவிக்கும் கொண்டுசெல்லும் ஸ்டீமின் மேகச் சேமிப்பில் நாங்கள் விண்டோஸ் பாதையை மட்டும் எழுதியிருந்தோம். லினக்ஸுக்கு மாற்றுப் பாதையைக் குறிப்பிடும் வசதி அதே பக்கத்தில், சற்றுக் கீழே இருந்தது. நாங்கள் அவ்வளவு தூரம் இறங்கிப் பார்க்கவில்லை. திருத்த எடுத்த நேரம் 10 நிமிடம். ஆனால் கருவி கையில் இல்லாதிருந்தால், அது திருந்தியதா என்று அறிய அதே மனிதரை மறுபடி மறுபடி தொந்தரவு செய்திருப்போம்.

இந்த ஒரு கோளாறு ஒரு பெரிய கேள்வியை எழுப்பியது. லினக்ஸுக்கான தனி பில்டை நாங்கள் தராமலே இருந்திருந்தால், ஸ்டீம் அந்த ஆட்டக்காரருக்கு எங்கள் விண்டோஸ் பில்டைப் புரோட்டான் வழியாக ஓட்டியிருக்கும். புரோட்டான் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பொய் விண்டோஸ் கோப்புறை அமைப்பை உண்டாக்குவதால், சேமிப்பும் விண்டோஸ் பாதையிலேயே விழுந்திருக்கும். மேகமும் அதை எடுத்துக்கொண்டிருக்கும். அவருக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. சோதிக்காமல் தந்த லினக்ஸ் பில்ட், தராமல் விட்டதைவிடத் தீங்கு செய்தது. லினக்ஸ் ஆர்வலர்கள் சிலருக்கு இது கசக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

டெக்கில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க முடியும். ஆட்டத்தின் அமைப்புப் பக்கத்தில் புரோட்டானைக் கட்டாயப்படுத்தும் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் விண்டோஸ் பில்ட் இறங்கி ஓடும், எடுத்துவிட்டால் லினக்ஸ் பில்ட். ஒரு மாதம் இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதித்தோம். எங்கள் ஆட்டத்தைப் பொறுத்தவரை வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடில்லை. தொடங்க எடுக்கும் நேரத்தில் லினக்ஸ் பில்ட் முந்தியது. மறுபுறம், புரோட்டான் எங்கள் தவறுகள் சிலவற்றை மறைத்துக் காத்ததையும் கண்டோம். ஆசிரியர்கள் தாங்களே சொற்பட்டியல் எழுதிச் சேர்த்துக்கொள்ளும்படி ஆட்டத்தின் அருகில் ஒரு கோப்புறை வைத்திருந்தோம். நிரலில் ஒரு கோப்பின் பெயரைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தோம். கோப்பின் பெயரோ பெரிய எழுத்தில் தொடங்கியது. ஆங்கில எழுத்தின் பெரியதையும் சிறியதையும் விண்டோஸ் ஒன்றாகவே கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது. புரோட்டான் விண்டோஸைப் போலவே நடந்துகொண்டு கோப்பைக் கண்டெடுத்துத் தந்துவிட்டது. லினக்ஸ் பில்டில் பாட்டியின் கடை காலியாகக் கிடந்தது.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பாடம் புகட்டியது, டெக் காட்டிக்கொடுக்காமல் விட்ட ஒரு கோளாறுதான். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இக்கருவியின் எல்லை எது என்பது அதில் இருக்கிறது.

தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிப்பது கணினிக்கு இயல்பாக வருவதன்று. "கொடி" என்பது நமக்கு இரண்டெழுத்து. ஒருங்குறியில் (யூனிகோடில்) அது நான்கு குறிகள். இதற்காகச் சி++ மொழியில் ஒரு சிறு நிரலகத்தை நாங்களே எழுதி, கோடோவோடு இணைத்திருந்தோம். கோடோவின் அதிகாரபூர்வ லினக்ஸ் கோப்புகள் பழைய கணினிகளிலும் ஓடும்படி கவனத்தோடு உருவாக்கப்படுபவை. எங்கள் நிரலகத்துக்கு அந்தப் பக்குவம் இல்லை. தம்பி அதைப் புத்தம்புதிய உபுண்டு 24.04-இல் உருவாக்கினான். டெக்கில் நன்றாக ஓடியது. பச்சைக்கொடி காட்டி வெளியிட்டோம். மறுநாளே டெபியன் 12 என்ற மற்றொரு லினக்ஸ் வகையைப் பயன்படுத்தும் ஒருவர், ஆட்டம் திறக்கவேயில்லை என்று எழுதி, பிழைச்செய்தியையும் முழுமையாக ஒட்டியிருந்தார்: ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை.

ஜிலிப்சி என்பது லினக்ஸில் ஏறக்குறைய எல்லா மென்பொருளும் சார்ந்திருக்கும் அடிப்படை நிரலகம். பழையதில் உருவாக்கிய ஆட்டம் புதியதில் ஓடும். புதியதில் உருவாக்கியது பழையதில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. உபுண்டு 24.04-இல் இருப்பது 2.39, டெபியன் 12-இல் இருப்பது 2.36. எழுத்துவடிவில் உள்ள எண்ணை எண்ணாக மாற்றும் மிகச் சாதாரணமான செயல்கூறு ஒன்று 2.38-இல் புதுப்பெயர் பெற்றிருந்தது. எங்கள் நிரலகம் அந்தப் பெயரைத் தேடியது. நாங்கள் நிரலில் ஒரு வரிகூடத் தவறாக எழுதவில்லை. உருவாக்கிய இடம்தான் தவறு. டெக்கின் இயங்குதளம் எங்களுக்குப் போதுமான அளவு புதியதாக இருந்ததால், இந்தக் கோளாறு அதில் தலைகாட்டவேயில்லை.

இதற்குத் தீர்வு வால்விடமே இருக்கிறது. ஸ்டீம் லினக்ஸ் ரன்டைம் என்ற பெயரில், எல்லா வகை லினக்ஸிலும் ஒரேமாதிரியான சூழலை அது தருகிறது. முதல் தலைமுறையான ஸ்கௌட் உபுண்டு 12.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. சோல்ஜர் டெபியன் 10-ஐ. ஸ்னைப்பர் டெபியன் 11-ஐ. ஸ்னைப்பருக்கான உருவாக்கப் பொதியைக் கொள்கலனாக இறக்கி, அதற்குள் எங்கள் நிரலகத்தை மறுபடி உருவாக்கி, ஆட்டமும் அதே சூழலில் ஓடும்படி கடையின் அமைப்பில் குறிப்பிட்டோம். அன்று முதல் இவ்வகைக் கடிதம் ஒன்றுகூட வரவில்லை. லினக்ஸ் என்றாலே ஆயிரம் வகை, எல்லாவற்றிலும் யார் சோதிப்பது என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஸ்டீமில் விற்கும்வரை, அவர்கள் ஒரே ஒரு சூழலுக்காக உருவாக்கினால் போதும். வரைகலை இயக்கியும் சாளர அமைப்பும் மட்டும் இதற்குப் புறம்பு. அவை ஆட்டக்காரரின் கணினியில் உள்ளபடியே இருக்கும்.

டெக்கில் எப்போதும் ஏஎம்டி வரைகலைதான். அதன் விளையாட்டு முறையில் ஆட்டம் எப்போதும் கேம்ஸ்கோப் என்ற ஒரே சாளர மேலாளருக்குள் முழுத்திரையில்தான் ஓடும். மேசைக்கணினியில் என்விடியா வரைகலை அட்டையும் வேலேண்ட் என்ற சாளர அமைப்பும் இரண்டு திரைகளும் வைத்திருப்பவர் காணும் கோளாறுகளை அது ஒருநாளும் காட்டாது. இதற்காகத்தான் என்விடியா சில்லுள்ள பழைய மடிக்கணினி ஒன்றைக் கேரோசெல் என்ற இணையச் சந்தையில் 250 வெள்ளிக்கு வாங்கி, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையையும் உபுண்டு 22.04-ஐயும் அருகருகே நிறுவினேன். ஆட்டத்தைச் சாளரத்திலிருந்து முழுத்திரைக்கு மாற்றும்போது சுட்டி அடுத்த திரையில் போய் நின்றுவிடும் கோளாறு அதில்தான் கண்ணில்பட்டது.

தமிழில் ஆட்டம் செய்வோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இதைப் பற்றி எழுதியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. டெக்கில் ஓர் ஆட்டம் சரிபார்க்கப்பட்டது என்ற பச்சைக்குறியைப் பெற, வால்வ் வகுத்துள்ள வரையறைகளில் ஒன்று, 1280-க்கு 800 திரையில் மிகச் சிறிய எழுத்தும் 9 பிக்சல் உயரத்துக்குக் குறையக்கூடாது என்பது. ஆங்கிலத்துக்கு அது ஒருவாறு போதும். தமிழுக்கு அது அறவே போதாது. "பால்" என்பதையும் "பரல்" என்பதையும் அந்த அளவில் எழுதி, கருவியைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். ரகரத்தின் கீழ்க்கோடு கரைந்து, காலும் ரகரமும் ஒன்றாகிவிடும். "கி", "கீ" இரண்டையும் பிரிப்பது மேலே உள்ள ஒரு சிறு சுழி, அதுவும் அப்படியே. சாதாரண ஆட்டத்தில் வாசிப்பவர் இடமறிந்து ஊகித்துக்கொள்வார்; சொற்புதிரில் ஊகத்துக்கு இடமில்லை. மேசைத் திரையில் மூன்று மாதம் சோதித்தும் புலப்படாத இது, டெக்கைக் கையில் எடுத்த முதல் மாலையே புலப்பட்டது. என் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தமிழுக்குக் குறைந்தது 18 பிக்சல் என்று வைத்து, வரி இடைவெளியையும் கூட்டினோம். புள்ளியும் சுழியும் மேல்வரியில் முட்டாமல் இருக்க அது வேண்டியிருந்தது. அதனால் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் 14 வரிகளுக்குப் பதிலாக 8 வரிகளே கொள்ளும்படி ஆட்டத்தின் பாதிப் புதிர்களை மறுபடி அமைக்க நேர்ந்தது.

எழுத்துருவும் எங்கள் தவறுதான். கோடோ 4, ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல எழுத்தமைப்புக் கருவியைத் தன்னுள் கொண்டிருப்பதால், ஒற்றைக்கொம்பும் காலும் உரிய இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன; கோடோ 3-இல் அந்த வசதி இல்லை. ஆனால் தமிழ் எழுத்துருவை ஆட்டத்தோடு சேர்க்காமல், கணினியில் இருப்பதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தோம். விண்டோஸில் நிர்மலா என்ற தமிழ் எழுத்துரு எப்போதும் இருக்கும். ஆர்ச் பயன்படுத்தும் ஒருவரின் கணினியில் தமிழ் எழுத்துரு எதுவுமே இல்லை. பாட்டியின் புத்தகம் முழுவதும் கட்டங்கட்டமாகத் தெரிந்ததைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அவர் தமிழறியாதவர், வடிவம் பிடித்து விளையாட வந்தவர். முதலில் கட்டங்களே புதிர் என்று எண்ணிச் சிறிது நேரம் முயன்றாராம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்துக்கொண்டோம். அதன் உரிமம் அதற்கு இடம் தருகிறது.

இக்கருவி எங்கள் ஆட்டத்தையே மாற்றிய இடம் ஒன்றும் உண்டு. விசைப்பலகை இல்லாத கருவியில் தமிழை எப்படி உள்ளிடுவது? 247 எழுத்துகளையும் திரையில் பரப்பினால் விரல் நோகும். டெக்கில் இரு பெருவிரல்களுக்கும் இரண்டு குச்சிகள் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பிக்குத் தோன்றிய வழி இது: இடக்குச்சி மெய்க்கு, வலக்குச்சி உயிருக்கு. 18 மெய்களையும் ஒரே வட்டத்தில் வைத்தால் நெருக்கம். வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்று வளையங்களாக்கி, மேல்பொத்தானால் மாற்றிக்கொண்டால் வளையத்துக்கு ஆறுதான். உயிர்களைக் குறில் ஐந்து, நெடில் ஏழு என்று பிரித்தோம். வலக்குச்சியைத் தொடாமல் விட்டால் புள்ளி வைத்த மெய். இடக்குச்சியைத் தொடாமல் விட்டால் தனி உயிர். ஆய்தத்துக்கு ஒரு பொத்தான். ஜகரம் முதலான கிரந்த எழுத்துகளுக்கு நான்காவது வளையம். வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துவிட்ட வல்லினமும் மெல்லினமும் விரல் வழியாகத் திரும்பி வருவதாக, தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் தோழி ஒருவர் சொன்னார். விண்டோஸில் விளையாடுவோரும் இப்போது கன்ட்ரோலரையே விரும்புகிறார்கள்.

கடிதம் எழுதும் லினக்ஸ் ஆட்டக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆதரவு என்பது பெரும்பாலும் கடிதம் எழுதுவதுதான். விண்டோஸ் ஆட்டக்காரர் "ஓடவில்லை" என்று ஒரு சொல்லில் எழுதுவார். லினக்ஸ் மேசைக்கணினி வைத்திருப்பவர் இயக்கியின் பதிப்பு, கெர்னலின் பதிப்பு, லாக் கோப்பு, தாம் ஏற்கெனவே முயன்ற மூன்று வழிகள் எல்லாவற்றையும் அனுப்புவார். அவற்றில் ஒன்று பல வேளைகளில் தீர்வாகவே இருக்கும். மேலே சொன்ன சுட்டிக் கோளாறு எங்கள் மடிக்கணினியில் எப்போது நிகழும் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்துத் தந்தவரும் அப்படிப்பட்ட ஒருவரே. சில வேளைகளில் இது அறிவுரை மழையாகவும் மாறும்; இந்தப் பொதிமுறையில் ஏன் தரவில்லை, அந்தக் கடையில் ஏன் விற்கவில்லை என்று நீளும் கடிதங்களுக்குப் பொறுமை வேண்டும். மென்பொருளைத் தனிப் பெட்டகத்துக்குள் அடைத்து ஓட்டும் ஃபிளாட்பேக் வழியாக நிறுவிய ஸ்டீமில் சொற்பட்டியல் கோப்புறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்த கடிதத்துக்கு, அந்தப் பெட்டகத்துக்கு வெளியே உள்ள கோப்புகளுக்கு அனுமதி தர வேண்டும் என்று பதில் எழுதியதோடு நிறுத்திக்கொண்டோம். அதற்காக நிரலை மாற்றவில்லை.

நாங்கள் செய்தது தனியாள் ஆட்டம் என்பதால் ஒரு பெரிய தலைவலி எங்களுக்கு வாய்க்கவில்லை. போட்டி ஆட்டங்களில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளே லினக்ஸ் ஆதரவின் கழுத்தை நெரிக்கிறது. அவ்வகை மென்பொருள்களான ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021 முதல் புரோட்டானில் இயங்க வழி தந்திருந்தாலும், அதை இயக்குவதா வேண்டாமா என்பது ஆட்ட நிறுவனத்தின் முடிவு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற போட்டி ஆட்டம் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் ஆதரவையே விலக்கிக்கொண்டது. இணையப் போட்டி ஆட்டம் செய்பவர் டெக்கை வாங்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை காணட்டும்.

செலவைக் கணக்குப் பார்த்தால், டெக், மடிக்கணினி, மின்னேற்றி மூன்றும் சேர்ந்து 1,200 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. லினக்ஸில் விற்ற பிரதிகளின் வருமானம் இன்னும் அதை எட்டவில்லை. எட்டுமா என்பதும் ஐயமே. வருமானத்தை மட்டும் எண்ணி வாங்குவோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புரோட்டானில் ஓடுகிறது என்பதை மட்டும் ஒரு நண்பரின் டெக்கில் ஒரு மாலை சோதித்துவிட்டு, லினக்ஸ் என்ற கட்டத்தில் குறியிடாமல் விடுவது அவர்களுக்கு நேர்மையான வழி. ஆட்டக்காரரும் அதில் பெரிதாக எதையும் இழக்கமாட்டார். ஏற்கெனவே லினக்ஸில் வேலை செய்பவருக்குக் கையடக்கத் திரையில் எழுத்தின் அளவைப் பார்ப்பதைத் தவிர டெக் புதிதாக எதையும் தராது. விண்டோஸிலேயே வாழ்ந்து, கன்ட்ரோலருக்கும் சிறு திரைக்கும் ஏற்ற ஆட்டத்தைச் செய்பவர், குறிப்பாக அதில் தமிழ் எழுத்து நிறைய இருந்தால், வாங்கலாம். ஓஎல்இடி வகையே வேண்டும் என்பதில்லை, பயன்படுத்திய எல்சிடி வகையும் இதே கோளாறுகளையே காட்டும், விலையும் பாதிதான் வரும்.

நாங்கள் லினக்ஸ் பில்டை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன் ஒரு மாலை டெக்கிலும் ஒரு மாலை மடிக்கணினியிலும் தொடக்கம் முதல் மூன்றாம் அத்தியாயம்வரை விளையாடிப் பார்க்கிறோம். டெக்கில் ஒரு முறை லினக்ஸ் பில்டோடும் ஒரு முறை புரோட்டானோடும். கடைப்பக்கத்தில் லினக்ஸ் என்ற சொல்லுக்குக் கீழே இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ஸ்டீம் டெக், உபுண்டு 22.04, ஃபெடோரா ஆகிய மூன்றிலும் சோதிக்கப்பட்டது. மற்றவற்றில் ஓடாவிட்டால் எழுதுங்கள், ஒரு வாரத்துக்குள் பதில் தருவோம். பதில் எழுதும் பொறுப்பு மட்டும் இன்னும் என்னுடையதாகவே இருக்கிறது.